வீட்டில் சுடும் பீட்சாவின்மீது பதப்படுத்திய இறைச்சியை எப்போது இடவேண்டும்?

மாவுப்பலகை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். கடந்த சில மாதங்களாக வீட்டிலேயே பீட்சா சுட்டு வருகிறேன். மாவு ஓரளவு கைக்கு வந்துவிட்டது. 100 கிராம் மைதாவுக்கு 63 கிராம் தண்ணீர், 2.5 கிராம் உப்பு, மிகச் சிறிதளவு ஈஸ்ட் என்ற கணக்கில் பிசைந்து, குளிர்பதனப் பெட்டியில் இரண்டு நாள் வைத்தெடுக்கிறேன். ஓவனை அதன் உச்ச அளவான 250 டிகிரி செல்சியஸில், உள்ளே பீட்சா கல்லுடன், முக்கால் மணி நேரம் சூடேற்றிய பிறகே சுடுகிறேன். தக்காளியும் மொசரெல்லா பாலாடைக்கட்டியும் மட்டும் இட்டுச் சுடும் நாள்களில் எந்தக் குறையும் இல்லை. உப்பிட்டுப் பதப்படுத்திய இறைச்சியை மேலே வைக்கும் நாள்களில்தான் உழைப்பெல்லாம் வீணாகிறது.

முதல் முறை, தாள்போல மெல்லியதாக அரிந்த புரோசியூட்டோவைச் சுடுவதற்கு முன்பே பரப்பினேன். எட்டு நிமிடங்களில் அது கருஞ்சிவப்பாகச் சுருங்கி, பல்லில் அகப்படாத தோலாக மாறிவிட்டது. உப்பு தாங்க முடியவில்லை. இரண்டாம் முறை, 30 சென்டிமீட்டர் பீட்சா ஒன்றின்மீது 45 பெப்பரோனி வில்லைகளை இடைவெளியின்றி அடுக்கினேன். நடுவில் செந்நிற எண்ணெய் குளம்போலத் தேங்கி, அடிப்பகுதி ஊறி மடிந்துவிட்டது. மூன்றாம் முறை, பான்செட்டாவைச் சிறு சதுரங்களாக நறுக்கிப் பச்சையாகவே தூவினேன். பாலாடைக்கட்டி பொன்னிறமான பிறகும் கொழுப்பு வெளிறி, மெல்லும்போது ரப்பர்போல இழுத்தது.

இவை மூன்றும் பதப்படுத்திய இறைச்சி என்ற ஒரே பெயரால் குறிக்கப்படுவதால் மூன்றையும் ஒரே விதமாகக் கையாண்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எதைச் சுடுவதற்கு முன்பு இடவேண்டும், எதைப் பின்பு இடவேண்டும்? எவ்வளவு இடலாம்? எண்ணெய் தேங்காமல் இருக்க என்ன வழி? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கல்லடுப்பு எழுதியது:

நண்பரே, உங்கள் கடைசிப் பத்தியிலேயே பாதி விடை இருக்கிறது. பதப்படுத்திய இறைச்சி என்பது ஒரு பொருளின் பெயரன்று. உப்பால் கெடாமல் காக்கப்பட்ட பலவகை இறைச்சிகளுக்குப் பொதுவாக வழங்கும் பெயர். ஓவனுக்குள் ஒன்று எப்படி நடந்துகொள்ளும் என்பதை அதில் எஞ்சியிருக்கும் தண்ணீர், கொழுப்பு இருக்கும் விதம், அரிந்த கனம் ஆகிய மூன்றும் தீர்மானிக்கின்றன. கையில் எடுக்கும் துண்டைப் பற்றி இந்த மூன்றையும் கேட்டுப் பார்த்துவிட்டால், எப்போது இடுவது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் தானே விடை கிடைத்துவிடும்.

புரோசியூட்டோவிலிருந்து தொடங்குகிறேன். இத்தாலிய மொழியில் அந்தச் சொல்லுக்குப் பன்றித் தொடை இறைச்சி என்பதே பொருள். அதில் சமைக்காததைக் 'குரூடோ' என்றும் வேகவைத்ததைக் 'கொட்டோ' என்றும் பிரித்துச் சொல்வார்கள். நீங்கள் வாங்கியது குரூடோவாகத்தான் இருக்கவேண்டும். பார்மா பகுதியின் புகழ்பெற்ற குரூடோவில் பன்றித் தொடையையும் உப்பையும் தவிர வேறொன்றும் சேர்ப்பதில்லை. ஓராண்டுக்கும் மேலாகக் காற்றில் தொங்கி, தன் எடையில் கணிசமான பங்கைத் தண்ணீராக இழந்த பிறகே அது விற்பனைக்கு வருகிறது. அதாவது, ஓவன் செய்யக்கூடிய வேலையில் ஒரு பகுதியைக் காலம் ஏற்கெனவே செய்து முடித்துவிட்டது. அதை மறுபடியும் 250 டிகிரியில் எட்டு நிமிடம் வைத்தால் மிச்சமிருந்த ஈரமும் போய், தசைநார்கள் இறுகி, உப்பு மட்டும் அப்படியே தங்கிவிடுகிறது. மென்மையான அந்த மணமும் ஆவியோடு போய்விடுகிறது.

ஆகவே குரூடோவைப் பீட்சா வெளியே வந்த பிறகு இடுங்கள். அதிலும் வந்த உடனே இடவேண்டாம். கொதிப்பு அடங்க ஒரு நிமிடம் காத்திருந்து, கையால் நாடாக்களாகக் கிழித்து, தட்டையாகப் பரப்பாமல் சற்றே மடிந்து நிற்கும்படி வையுங்கள். அடியிலிருக்கும் சூட்டிலேயே வெண்மையான கொழுப்பு கண்ணாடிபோலத் தெளியத் தொடங்கும். அந்த நிலையே உண்பதற்கு உரிய நிலை. இலேசாகப் புகையூட்டிய தொடை இறைச்சியான ஸ்பெக்குக்கும் இதே முறைதான். வேகவைத்த கொட்டோவோ ஈரம் மிகுந்தது. அதைத் தாராளமாக ஓவனுக்குள் அனுப்பலாம். கூனைப்பூ (ஆர்ட்டிசோக்), காளான், ஆலிவ் ஆகியவற்றோடு இடும் காப்ரிச்சோசா பீட்சாவில் கொட்டோ இடப்படுவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

ஒரு செய்தியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நேப்பிள்ஸ் முறையில் விறகடுப்பின் வெப்பம் 430 முதல் 485 டிகிரி வரை இருக்கும். பீட்சா 60 முதல் 90 நொடிகளில் வெந்துவிடும். அந்த அடுப்புக்கென எழுதிய குறிப்பில் இறைச்சியை முதலிலேயே இடச் சொல்லியிருந்தால், அந்த இறைச்சி சூட்டில் இருக்கப்போவது ஒன்றரை நிமிடந்தான். நம் வீட்டு ஓவனில் அதே இறைச்சி ஐந்தாறு மடங்கு நேரம் காய்கிறது. குறிப்பைப் படிக்கும்போது அது எந்த அடுப்புக்கு எழுதப்பட்டது என்பதை முதலில் பாருங்கள்.

பெப்பரோனியும் சலாமியும் வேறு இனம். இறைச்சியையும் கொழுப்பையும் அரைத்து, உப்பும் மசாலாவும் சிறிதளவு சர்க்கரையும் சேர்த்து, உறையில் அடைத்துப் புளிக்கவைத்து உலர்த்துகிறார்கள். அந்தச் சர்க்கரையை நுண்ணுயிரிகள் லாக்டிக் அமிலமாக மாற்றுவதால்தான் அவற்றில் இலேசான புளிப்பு இருக்கிறது. கொழுப்பு பொடிப்பொடியாகச் சிதறிக் கிடப்பதால் சூடு பட்டதும் எளிதில் உருகி வெளிவருகிறது. வில்லை தன் கொழுப்பிலேயே பொரிந்து ஓரம் முறுகுகிறது. ஆகையால் இவற்றைச் சுடுவதற்கு முன்பே, பாலாடைக்கட்டிக்கு மேலே இடவேண்டும். கீழே புதைத்தால் ஆவியில் வெந்து துவண்டுவிடும். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரப் பாணியில் மாவின்மீது நேரடியாகப் பெப்பரோனியை வைத்து அதன்மேல் பாலாடைக்கட்டியைப் பரப்புவதுண்டு. ஆனால் அது கனத்த மாவில், எண்ணெய் தடவிய ஆழமான தட்டில் சுடுவது. மெல்லிய பீட்சாவுக்கு அதைப் பின்பற்ற வேண்டாம்.

இப்போது எண்ணெய்க் குளம். மெல்லிய வில்லை ஒன்று ஏறத்தாழ 2 கிராம் எடையிருக்கும். 45 வில்லைகள் என்றால் 90 கிராம். 30 சென்டிமீட்டர் பீட்சாவுக்கு 40 முதல் 50 கிராம் போதும். அதாவது நீங்கள் இட்டதில் சரிபாதி. வில்லைகளுக்கிடையே பாலாடைக்கட்டி தெரியும்படி இடைவெளி விடுங்கள். உருகும் கொழுப்பு பரவுவதற்கு இடம் வேண்டும். அப்படியும் மிகுதியாகத் தோன்றினால், வில்லைகளை இரண்டு உறிஞ்சுதாள்களுக்கு நடுவே வைத்து மைக்ரோவேவில் 20 நொடி சூடாக்கினால் கொழுப்பில் ஒரு பங்கு தாளோடு போய்விடும். மொசரெல்லாவின் பங்கையும் மறக்கவேண்டாம். நீரில் மிதக்கும் புதிய மொசரெல்லாவை நறுக்கி அரைமணி நேரமாவது வடியவிடாமல் இட்டால், அதன் தண்ணீரும் இந்தக் கொழுப்பும் சேர்ந்துதான் நடுப்பகுதியை ஊறவைக்கின்றன. பெப்பரோனி பீட்சாவுக்கு ஈரம் குறைந்த மொசரெல்லாக் கட்டியைத் துருவிக்கொள்வதையே நான் விரும்புகிறேன்.

ஓரங்கள் நிமிர்ந்து சிறு கிண்ணங்களாக வளையும் பெப்பரோனி வேண்டுமென்றால், இயற்கையான குடலுறையில் அடைத்ததைத் தேடி, ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கனத்தில் நீங்களே அரிந்துகொள்ளுங்கள். உறையுள்ள விளிம்பு நடுவைவிட அதிகமாகச் சுருங்குவதால் வில்லை கிண்ணமாகிறது. உருகிய கொழுப்பு வழிந்தோடாமல் அந்தக் கிண்ணத்துக்குள்ளேயே நிற்கிறது. முன்கூட்டியே அரிந்து விற்கப்படும் அகன்ற வில்லைகள் பெரும்பாலும் தட்டையாகவே கிடக்கும்.

பான்செட்டா பன்றியின் வயிற்றுப் பகுதி. குவாஞ்சாலே தாடைப் பகுதி. இரண்டிலும் கொழுப்பு பாளம்பாளமாக இருக்கிறது. பாளமாக உள்ள கொழுப்பு உருகி வடிய நேரம் பிடிக்கும். பாலாடைக்கட்டி அவ்வளவு நேரம் காத்திருக்காது. நறுக்கிய துண்டுகளைச் சூடேறாத வாணலியில் இட்டு, எண்ணெய் விடாமல், சிறு தீயில் மெல்லச் சூடாக்குங்கள். கொழுப்பில் பாதி உருகி, ஓரம் நிறம் மாறத் தொடங்கும்போதே எடுத்துவிடவேண்டும். முழுவதும் முறுகவிட்டால் ஓவனில் கருகும். வாணலியில் தங்கிய கொழுப்பைக் கொட்டிவிடாதீர்கள். ஒரு தேக்கரண்டி எடுத்து மாவின் விளிம்பில் தடவிச் சுட்டுப் பாருங்கள். அதன் மணம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

அளவுக்கரண்டி எழுதியது:

மேலே சொன்னவற்றோடு எனக்கு முழு உடன்பாடு. ஆனால் உங்கள் முதல் பீட்சாவின் உப்புக்கு இறைச்சியை மட்டும் குறை சொல்லக்கூடாது என்று கருதுகிறேன். பீட்சாவில் உப்பு நான்கு வாயில்கள் வழியாக நுழைகிறது. நாம் ஒவ்வொன்றையும் தனித்தனியே சுவை பார்த்துச் சரியென்று விட்டுவிடுகிறோம்.

உங்கள் பெப்பரோனி பீட்சாவையே கணக்கிட்டுப் பார்ப்போம். 250 கிராம் மாவு உருண்டையில் மைதா சுமார் 150 கிராம், அதற்கு 2.5 விழுக்காடு உப்பு என்றால் 3.75 கிராம். 100 கிராம் ஈரம் குறைந்த மொசரெல்லாவில் சுமார் 1.5 கிராம். தக்காளிச் சாற்றில் 80 கிராமுக்கு ஒரு விழுக்காடு இட்டிருந்தால் 0.8 கிராம். பெப்பரோனியில் நூற்றுக்கு ஏறத்தாழ 4 பங்கு உப்பு இருக்கும். 90 கிராமில் அது 3.6 கிராம். கூட்டினால் 9.65 கிராம். பெரியவர் ஒருவர் நாளொன்றுக்கு உண்ணும் உப்பு 5 கிராமுக்குக் குறைவாக இருக்கவேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரே பீட்சாவில் ஏறக்குறைய இரண்டு நாள் உப்பு!

இதை எப்படிக் குறைப்பது? மாவில் 2 விழுக்காட்டுக்குக் கீழே போக நான் துணிவதில்லை. உப்பு குறைந்தால் மாவு தளர்ந்து, வேகமாகப் புளித்து, வெந்த பிறகும் சப்பென்று இருக்கும். அந்த 2 விழுக்காட்டில் 3 கிராம். தக்காளிச் சாற்றில் உப்பே வேண்டாம். உருகும் பெப்பரோனிக் கொழுப்போடு வெளிவரும் உப்பு தக்காளிக்குப் போதுமானது. மொசரெல்லாவை 80 கிராமாகக் குறைத்தால் 1.2 கிராம். பெப்பரோனி 45 கிராம் என்றால் 1.8 கிராம். மொத்தம் 6 கிராம். இருவர் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு 3 கிராம். நான் பல மாதங்களாக இந்த அளவில்தான் சுடுகிறேன். உப்பு போதவில்லை என்று உண்டவர் யாரும் சொன்னதில்லை.

பொட்டலத்தின்மேல் உப்பு என்று இல்லாமல் சோடியம் என்று மட்டும் அச்சிட்டிருந்தால், அந்த எண்ணை 2.5 ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். குரூடோ வகைகளில் உப்பு நூற்றுக்கு 6 பங்கு வரைகூட இருப்பதுண்டு. ஆகவே அதற்கு 40 கிராமுக்குமேல் நான் போவதில்லை.

அளவைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை, 2015ஆம் ஆண்டில், பதப்படுத்திய இறைச்சியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் பட்டியலில் சேர்த்தது. நான் இறைச்சி பீட்சாவைக் கைவிடவில்லை. மாதம் இரண்டு முறை, குறைந்த அளவில், நல்ல தரத்தில் வாங்கி இடுகிறேன்.

இரவுச்சமையல் எழுதியது:

கல்லடுப்பு அவர்களின் விளக்கம் அருமை. ஆனால் குரூடோவைப் பற்றி ஒரு மாற்றுக்கருத்தைப் பணிவுடன் சொல்ல விரும்புகிறேன். அதை ஓவனுக்குள் அனுப்பவே கூடாது என்று விதித்துவிட்டால் ஒரு நல்ல சுவையை இழந்துவிடுவோம்.

மெல்லிய துண்டுகளைக் கம்பித்தட்டின்மேல் ஒன்றன்மீது ஒன்று படாமல் பரப்பி, 180 டிகிரியில் பத்து நிமிடம் தனியே காயவைத்தால், அவை ஆறியதும் அப்பளம்போல நொறுங்கும். அவற்றைக் கையால் பொடித்து, சுட்டெடுத்த வெள்ளைப் பீட்சாவின்மீது உப்புக்குப் பதிலாகத் தூவலாம். பாலாடைக்கட்டியும் பூண்டும் மட்டும் உள்ள பீட்சாவுக்கு இதைவிடப் பொருத்தமான துணையை நான் கண்டதில்லை. மாவுப்பலகை அவர்களின் பீட்சாவில் இறைச்சி தோலானதற்குக் காரணம், கீழிருந்த தக்காளியும் பாலாடைக்கட்டியும் ஈரத்தை அனுப்பிக்கொண்டே இருந்ததால் அது முறுகவும் முடியாமல், மென்மையாக இருக்கவும் முடியாமல் நடுவில் அகப்பட்டுக்கொண்டதுதான்.

முக்கியமான இன்னொன்று. கருவுற்றிருக்கும் பெண்களோ நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களோ உண்ணும் பீட்சாவாக இருந்தால், சமைக்காத பதப்படுத்திய இறைச்சியை மேலே வைத்துப் பரிமாறாதீர்கள். உப்பிட்டு உலர்த்துவது இறைச்சி கெடுவதைத் தடுக்குமே தவிர, அது சமைப்பதற்கு ஈடாகாது. லிஸ்டீரியா போன்ற நுண்ணுயிரிகள் அதில் இருக்க வாய்ப்புண்டு. அத்தகையவர்கள் உண்ணும் பீட்சாவில் இறைச்சி முழுச் சூட்டில் வெந்திருக்கவேண்டும்; சுவைக்காக இதில் தளர்வு காட்டக்கூடாது.

கல்லடுப்பு எழுதியது:

இரவுச்சமையல் சொல்வது சரியே. தனியே முறுகவைப்பதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. கடைசி எச்சரிக்கையை நானே முதலில் எழுதியிருக்கவேண்டும். நன்றி.

மாவுப்பலகை எழுதியது:

மூவருக்கும் நன்றி. இந்த வார இறுதியில் இரண்டு பீட்சாக்கள் சுட்டேன். முதலாவதில் 22 வில்லைகள் மட்டும் இட்டேன். மாவில் உப்பை 2 விழுக்காடாகக் குறைத்து, தக்காளியில் உப்பை விட்டுவிட்டேன். சூட்டோடு தூக்கியபோது துண்டின் முனை மடியவே இல்லை. பெப்பரோனியின் புளிப்பையும் காரத்தையும் தனித்தனியே உணர முடிந்தது. முன்பு 45 வில்லைகளில் உப்பையும் எண்ணெயையும் தவிர வேறெதையும் நான் சுவைக்கவில்லை என்பது இப்போதுதான் புரிகிறது. இரண்டாவதில் பான்செட்டாவை வாணலியில் ஆறு நிமிடம் வைத்தெடுத்து இட்டேன். விளிம்பில் தடவச் சொன்ன கொழுப்புக்குத் தனியாக ஒரு நன்றி.

இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. பன்றி இறைச்சி உண்ணாத நண்பர்கள் அடுத்த வாரம் வருகிறார்கள்; அவர்களுக்கு எதை இடலாம்? அடுத்து, சொரீசோ என்ற பெயரில் இரண்டு வேறு பொருள்களைப் பார்த்தேன். ஒன்று கெட்டியாக உலர்ந்தது; மற்றொன்று கையில் அழுத்தினால் பிதுங்குகிறது. இரண்டையும் ஒரே மாதிரி இடலாமா?

அளவுக்கரண்டி எழுதியது:

இரண்டாம் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். அதில் தவறினால் உடல்நலம் கெடும். ஸ்பெயின் முறையில் புகையூட்டிய மிளகாய்ப்பொடி சேர்த்து உலர்த்திய கெட்டியான சொரீசோவை அப்படியே உண்ணலாம். அதைப் பெப்பரோனிபோல அரிந்து சுடுவதற்கு முன் இடுங்கள். மெக்சிகோ முறையில் செய்யும் மென்மையான சொரீசோ பச்சை இறைச்சி. பெயர் ஒன்றாக இருந்தாலும் அது உலர்த்திப் பதப்படுத்தியதன்று. அதை உறையிலிருந்து பிதுக்கி, வாணலியில் உதிர்த்து, முழுவதும் வேகவைத்த பிறகே பீட்சாவில் இடவேண்டும். அரைத்த பன்றி இறைச்சியின் உள்வெப்பம் 71 டிகிரியை எட்டவேண்டும் என்பது கணக்கு. பீட்சாவின்மேல் கட்டியாக வைத்தால் எட்டு நிமிடத்தில் நடுப்பகுதி அதை எட்டும் என்று நம்பியிருக்கக்கூடாது. என்டூயாவும் கையில் பிதுங்கும்; ஆனால் அது இத்தாலியின் கலாப்ரியா பகுதியைச் சேர்ந்த காரமான, உலர்த்திப் பதப்படுத்திய சலாமி வகை. கொழுப்பு மிகுதியாக இருப்பதால்தான் அவ்வளவு மென்மை. அதைச் சுண்டைக்காய் அளவு உருண்டைகளாக்கி ஆங்காங்கே வைத்தால் தானாக உருகிப் பரவும். ஆகவே மென்மையை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல் பொட்டலத்தில் 'சமைத்து உண்ணவும்' என்று இருக்கிறதா என்று படியுங்கள்.

நண்பர்களுக்கு மாட்டிறைச்சி ஏற்புடையதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்புடையதென்றால் பிரெசவோலா நல்ல தெரிவு. அது மாட்டின் தொடைத் தசையை உப்பிட்டு உலர்த்தியது. கொழுப்பு மிகக் குறைவு. அதனால் சூடு பட்டால் குரூடோவைவிட விரைவாகக் காய்ந்துவிடும். பீட்சா வெளியே வந்து இரண்டு நிமிடம் ஆனபின் பரப்பி, மேலே ராக்கெட் கீரையும் சில சொட்டு எலுமிச்சைச் சாறும் ஆலிவ் எண்ணெயும் விடுங்கள். மாட்டிறைச்சிப் பெப்பரோனியும் கிடைக்கிறது. ஆனால் பெப்பரோனி, சலாமி ஆகிய பெயர்கள் செய்முறையையே குறிப்பவை. பன்றியும் மாடும் கலந்து செய்வதும் உண்டு. உட்பொருள் பட்டியலை முழுவதும் படித்து, உறை எதனாலானது என்பதையும் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இரவுச்சமையல் எழுதியது:

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரெசவோலாவோ குரூடோவோ இட்ட பீட்சா மிஞ்சினால், குளிர்பதனப் பெட்டியில் வைப்பதற்கு முன்பே இறைச்சியைத் தனியாக எடுத்து மூடி வையுங்கள். மறுநாள் துண்டை மட்டும் வாணலியில் மூடியிட்டுச் சிறு தீயில் சூடாக்கி, அடி முறுகிய பிறகு இறைச்சியைத் திரும்ப மேலே வைத்தால், முதல் நாள் இருந்த மென்மை அப்படியே இருக்கும். பெப்பரோனி இட்ட துண்டுகளுக்கு இந்தச் சிரமம் தேவையில்லை. அவற்றை அப்படியே சூடாக்கலாம்.